யசோதரா போட்ட ஒயின்

ஜனவரி முதல் தேதி காலையில் யசோதராவின் கீழுதடு கொழுக்கட்டை போல வீங்கியிருந்தது. முந்தின நாள் பொழுது சாயும்போதே புருஷன் நீலமேகம் குடித்துவிட்டு வந்து, மீன் குழம்பில் புளி கூடிப்போச்சு என்று சட்டியோடு தூக்கி அவள்மேல் எறிந்திருந்தான். சட்டி தோளில் பட்டு உடைந்தது. சூடு பொறுக்காமல் அவள் கத்தினாள். கத்தியதற்காக வாயில் ஒரு குத்து விட்டான். தெருப் பெண்கள் புது வருஷத்துக்கு வாசலில் கலர்ப்பொடி தூவிக்கொண்டிருக்க, அவள் குழாயடியில் குனிந்து ரத்தம் துப்பிக்கொண்டிருந்தாள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. விம்கோ நகரில் அந்தத் தெருவுக்கு அது பழகிப்போன காட்சி.

பக்கத்து வீட்டு ஃபிர்தௌஸ் மட்டும் காலையில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். ஃபிர்தௌஸ் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவள். கணவன் சௌக்கத் அலிக்கு வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான் என்பதால் நீலமேகம் எந்தப் பாத்திரத்தை எறிகிறான் என்பதுகூட அவளுக்குச் சத்தத்திலேயே தெரியும். ஐஸை உதட்டில் ஒற்றிவிட்டபடி அவள் கேட்டாள்.

"இந்த வருசமாச்சும் எதுனா பண்ணுவியா யசோ? இல்ல, இப்டியே அடி வாங்கிகினே கெடப்பியா?"

போலீசுக்குப் போவாள், அல்லது வியாசர்பாடியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போவாள், இரண்டில் ஒன்றைச் சொல்வாள் என்று ஃபிர்தௌஸ் எதிர்பார்த்தாள். யசோதரா ஐஸைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, உதடு அசையாமல் மெல்லச் சொன்னாள்.

"இந்த வருசம் வூட்லயே ஒயின் போடப் போறேன்."

அடி மூளையில் பட்டுவிட்டதோ என்று ஃபிர்தௌஸ் பயந்துவிட்டாள்.

யசோதராவுக்கு மூளை தெளிவாகத்தான் இருந்தது. ராயபுரத்தில் அலெக்ஸாண்டர் என்பவர் நடத்தும் கேக் கடையில் அவள் பல வருஷமாக வேலை பார்த்துவந்தாள். மாவு சலிப்பது, தட்டு கழுவுவது, கேக் அடுக்குவது, எல்லாம் அவள்தான். ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்துமஸுக்கு முன்னால் அலெக்ஸாண்டர் தன் வீட்டாருக்கும் கேக்கில் ஊற்றவும் திராட்சை ஒயின் போடுவார். பன்னீர் திராட்சையைக் கூடை கூடையாகக் கழுவித் துடைத்து, மசித்து, சர்க்கரையும் ஈஸ்டும் கிராம்பும் பட்டையும் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் கொட்டி, வேட்டித் துணியால் வாய் கட்டி, தினமும் மரக்கரண்டியால் கிளறுவது யசோதராவின் வேலையாகிவிட்டிருந்தது. சர்க்கரை கூடினால் போதை கூடும், தண்ணீர் கூடினால் குறையும், சீக்கிரம் வடித்துவிட்டால் இன்னும் குறையும் என்பதெல்லாம் கிளறிக் கிளறியே அவளுக்குப் பிடிபட்டது. அந்த டிசம்பரில் அலெக்ஸாண்டர் ஒரு பாட்டிலை அவளுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். வீட்டில் வைத்திருந்ததை நீலமேகம் எடுத்துக் குடித்தான். குடித்தவன் அன்றைக்குக் கை ஓங்கவில்லை. பாயை விரித்துப் படுத்துத் தூங்கிவிட்டான்.

அந்த ஒரு தூக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் திட்டம் போட்டாள். ஃபிர்தௌஸிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதலில் அவன் கடைச் சரக்கைத் தேடிப் போகாத அளவுக்கு நல்ல ஒயின், நல்ல ஏற்றத்தோடு போட வேண்டும். அவன் நாக்கு அதற்குப் பழகியதும், சித்திரை பிறப்பதற்குள் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும். காரம் குறைந்தால் கண்டுபிடித்துவிடுவான். அதனால் இஞ்சியும் மிளகும் கூட்டிக்கொண்டே போக வேண்டும், தொண்டை எரிந்தால் போதும், அவனுக்கு அதுதான் சரக்கு. வருஷம் முடிவதற்குள் ஜாடியில் போதை என்று ஒரு பொட்டு இருக்கக் கூடாது. குடியை விட்டது அவனுக்கே தெரியாமல் அவன் குடியை விட்டிருக்க வேண்டும்.

வீட்டில் இதைப் போடுவது சட்டப்படி குற்றம் என்று ஃபிர்தௌஸ் சொன்னாள். தினமும் பெண்டாட்டியை மிதிப்பதும் குற்றம்தான், அதற்கு எவன் வந்தான் என்று யசோதரா கேட்டாள். அதற்கு ஃபிர்தௌஸ், என் கையால் அந்த ஜாடியைத் தொட மாட்டேன், ஆனால் யாராவது வந்து கேட்டால் அது வினிகர் என்று சொல்லுவேன் என்றாள்.

யசோதராவின் மனசில் வேறொரு உறுத்தல் இருந்தது. அவள் அப்பா பஸ் டிப்போவில் ஃபிட்டராக இருந்தவர். புத்த மார்க்கத்துக்கு வந்த குடும்பம். ஞாயிறுதோறும் பிள்ளைகளை உட்காரவைத்துப் பஞ்சசீலம் சொல்ல வைப்பார். போதை தருவதைத் தொட மாட்டேன் என்பது அதில் ஐந்தாவது. அந்த வாயால் அதைச் சொல்லி வளர்ந்தவள்தான் இப்போது தன் வீட்டில் திராட்சை மசிக்கப் போகிறாள். ஒருவனைக் குடியிலிருந்து மீட்பதற்காகச் செய்வது பாவமாகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்தவரை நீலமேகத்திடம் இருந்த ஒரே கோளாறு குடிதான்.

நீலமேகம் ட்ரெய்லர் டிரைவர். கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு எண்ணூர் பக்கத்து யார்டுகளிலிருந்து துறைமுகத்துக்குப் போய் வருவான். அவளைக் காதலித்துக் கட்டியவன். கல்யாணமான புதிதில் சடையங்குப்பத்தில் வெள்ளம் வந்தபோது இடுப்பளவு தண்ணீரில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவன். அதே கைதான் அடுத்த வருஷமே அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதியது. துறைமுக கேட்டுக்கு வெளியே ட்ரெய்லர்கள் வரிசையாக நாள் முழுக்க நிற்கும் சாலையில், தன் வண்டிக்கு முன்னால் புகுந்த ஒரு கிளீனரை அவன் ஜாக்கி லீவரால் அடித்து இரண்டு பல்லை எடுத்தான். இன்னொரு முறை டீக்கடையில் ஒருவனைக் கொதிக்கும் பாய்லர்மேல் தள்ளினான். ஒவ்வொரு தடவையும் மறுநாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, போதையில் நடந்துவிட்டது, எனக்கு ஒன்றுமே ஞாபகமில்லை என்பான். அடிபட்டவர்கள்கூட அதை ஒத்துக்கொண்டார்கள். நல்ல மனுஷன், குடித்தால்தான் மிருகம் என்று ஊரே சொன்னது. யசோதராவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனுடைய ஜாக்கி லீவர் வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடும். வண்டியில் வைத்தால் களவு போகும் என்று கதவுக்குப் பின்னால் சாத்தி வைப்பான். அவள் எதிர்த்துப் பேசும் நாட்களில் அதை ஒரு பார்வை பார்ப்பான். அவ்வளவு போதும், அவள் அடங்கிவிடுவாள்.

பொங்கலுக்கு முதல் ஜாடி தயாரானது. முதல் தம்ளரைக் குடித்துவிட்டு நீலமேகம் கண்ணை மூடி நாக்கைச் சப்பினான். ஓசியில் வீட்டிலேயே கிடைக்கிற சரக்கு அவனுக்குப் பெருமையாகவும் இருந்தது. அந்த மாதமே இன்னொன்றும் அவளுக்குச் சாதகமாக அமைந்தது. அவன் வண்டி ஓட்டிய கம்பெனியில் குடித்திருக்கிறார்களா என்று பார்க்க டிரைவர்களை ஊதச் சொல்லும் மெஷின் கொண்டுவந்து வைத்தார்கள். வண்டி எடுக்கும்போதும் ஊத வேண்டும், யார்டில் விடும்போதும் ஊத வேண்டும். மாட்டினால் வேலை போகும். அதனால் அவன் வழியில் எங்கும் நிற்காமல் நேரே வீட்டுக்கு வந்து, ஜாடியிலிருந்து வடித்து வைத்ததைக் குடிக்க ஆரம்பித்தான்.

முதல் சில வாரம் அவன் குடித்தான், தூங்கினான். யசோதராவுக்கு ஒரு ஆளே மாறிப்போனது போல இருந்தது. தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு கேக் கடைக்குப் போனாள். மாசி மாதம் மறுபடி ஒரு நாள் அடித்தான். செருப்பை வாசலில் குறுக்கே போட்டிருந்தாளாம். அந்த ஜாடியில் சர்க்கரை கூடிவிட்டது என்று அவள் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டாள். அடுத்ததில் குறைத்தாள். பங்குனியில் இன்னும் குறைத்தாள். இஞ்சியை நசுக்கிச் சாறு எடுத்து ஊற்றினாள். காய்ந்த மிளகாயைத் துணியில் முடிந்து ஜாடிக்குள் தொங்கவிட்டாள். நிறம் வெளுத்துவிடாமல் இருக்கச் சர்க்கரையைக் கருக்கிச் சேர்த்தாள். குடித்துவிட்டு அவன் இருமினான். செம்ம காரம்டி, இந்த வாட்டி தூக்குது என்று மெச்சினான். அவள் ஃபிர்தௌஸிடம் போய்ச் சிரித்தாள்.

சிரித்த மூன்றாம் நாள் அவள் சுண்டு விரலைக் கதவிடுக்கில் வைத்து அழுத்தினான். ஃபோனில் யாரோடு பேசினாய் என்று கேள்வி. கேக் கடையில் பேசினேன் என்ற பதில் அவனுக்குப் போதவில்லை. விரல் கோணலாகவே கூடியது.

ஆடி பிறப்பதற்குள் ஜாடியில் போதை என்று சொல்ல எதுவும் இல்லை. வருஷக் கடைசிக்கு வைத்திருந்த இலக்கை அவள் பாதி வருஷத்திலேயே எட்டிவிட்டாள். திராட்சையைக் கொதிக்க வைத்து, ஈஸ்ட் தூவாமல், கொஞ்சம் வினிகரும் கிராம்பும் இஞ்சியும் மிளகாயும் சேர்த்து, பழைய ஜாடியிலேயே ஊற்றி வைத்தாள். சந்தேகம் வரக் கூடாதென்று வேட்டித் துணியும் கட்டினாள். தானே ஒரு சொம்பு குடித்துப் பார்த்தாள். தொண்டை எரிந்தது, வயிறு நிறைந்தது, வேறொன்றும் ஆகவில்லை. எடுத்துக்கொண்ட காரியத்தை முடித்துவிட்ட நிம்மதியில் அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்தது.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் நீலமேகம் வேலையிலிருந்து வந்தான். யார்டில் ஊதிவிட்டுத்தான் வந்திருந்தான். ஜாடியிலிருந்து இரண்டு தம்ளர் குடித்தான். கொஞ்ச நேரத்தில் அவன் கண் செருகியது, நாக்கு குழறியது, எழுந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டான். யசோதரா அடுப்படியில் நின்று அதைப் பார்த்தாள். எங்கேயாவது மறைத்து வைத்துக் குடித்திருப்பானோ என்றுதான் முதலில் நினைத்தாள். தோசை கருகிவிட்டது என்று அவன் வந்தான். கன்னத்தில் அறைந்தான், கொண்டையைப் பிடித்துக் கீழே இழுத்தான், விழுந்தவளின் இடுப்பில் குதிகாலால் மிதித்தான். வாயருகே அவன் மூச்சுக் காற்று பட்டது. கிராம்பும் இஞ்சியும்தான் வாசம் வீசியது. அவள் கையால் இடித்த இஞ்சி.

அப்போது அவன் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். கம்பெனி முதலாளி. நீலமேகம் நேராக நிமிர்ந்து நின்றான், தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"சொல்லுங்க சார். காலைல அஞ்சு மணிக்கா? வந்துர்றேன் சார். டீசல் போட்டாச்சு சார். இல்ல சார், வூட்லதான் சார் கீறேன்."

ஒரு எழுத்து குழறவில்லை. ஒரு கால் தள்ளாடவில்லை. ஃபோனை வைத்துவிட்டுக் கண்ணைப் பழையபடி செருகிக்கொண்டு, கீழே கிடந்தவளை மறுபடி மிதித்தான்.

யசோதரா அதற்கப்புறம் கத்தவில்லை. வலி எங்கோ தள்ளிப்போய்விட்டது. தரையில் கன்னம் பதிந்து கிடந்தபடி அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிதிக்கும் கால், தாங்கி நிற்கும் கால், இரண்டும் உறுதியாக இருந்தன. இந்த மனுஷன் இத்தனை வருஷமும் தெளிந்த புத்தியோடுதான் அடித்திருக்கிறான். யார் பல்லை எடுத்தானோ அந்தக் கிளீனரிடமும் போதையில்தான் போயிருந்தானா? முதலாளியை ஒரு நாளும் அடித்ததில்லை. போலீஸ்காரனை அடித்ததில்லை. தன்னைவிட உயரமான எவனையும் அடித்ததில்லை. போதைக்கு எப்படித் தெரிந்தது ஆள் பார்த்து அடிக்க? குடியை அவள் திட்டினாள், குடிக்காக அழுதாள், கடைக்காரனைச் சபித்தாள். குடி பாட்டுக்கு ஒரு மூலையில் இருந்திருக்கிறது.

காலையில் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தான். "நேத்து ரொம்ப ஏறிப்போச்சு யசோ. இன்னா பண்ணேன்னே தெர்ல" என்றான். குரலில் ஈரம்கூட இருந்தது. அவள் டீ டம்ளரை அவன் முன்னால் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

ஃபிர்தௌஸிடம் மட்டும் சொன்னாள். கேட்டவள் தையல் மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். அவனிடம் நேரில் கேட்டுவிடுவாயா என்றாள். கேட்டால் கொன்றுவிடுவான் என்றாள் யசோதரா. அவளுக்கு அவமானமாக இருந்தது. அத்தனை கவனமாகக் கிளறி, வடித்து, சுவை பார்த்து, வருஷம் பிறந்ததிலிருந்து அவள் பாடுபட்டதெல்லாம் இதைத் தெரிந்துகொள்ளத்தானா. வியாசர்பாடிக்குப் போய்விடலாம் என்று துணிகளைக்கூட ஒரு பையில் எடுத்து வைத்தாள். அம்மா வீடு ஒற்றை அறை, அதில் தம்பி குடும்பமும் இருந்தது. பை கட்டிலுக்கடியில் கிடந்தது. ஜாடி தீரத் தீர அவள் அதே திராட்சைத் தண்ணீரைக் காய்ச்சி ஊற்றினாள். அவன் அதைக் குடித்துத் தள்ளாடினான். அடிக்கிற நாளில் அடித்தான்.

ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நீலமேகத்தின் தம்பி வெற்றி சாப்பிட வந்தான். வெற்றி கார்பென்டர், சடையங்குப்பத்தில் இருந்தான். அவனும் குடிப்பவன்தான், ஆனால் குடித்தால் பாட்டுப் பாடுவான், அழுவான், அதோடு சரி. அண்ணனுக்குத் தம்பி முன்னால் தன் வீட்டுச் சரக்கைக் காட்டிப் பெருமையடிக்க ஆசை. ஜாடியை நடுவீட்டுக்கே தூக்கி வந்து வைத்தான். தம்ளர் நிறைய மொண்டு கொடுத்தான். மெதுவாக் குடி, ஒரு தம்ளருக்கே ஆள் காலி என்று எச்சரித்தான். தானும் ஒன்று குடித்தான். யசோதரா அடுப்படி வாசலில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

வெற்றி ஒரு வாய் குடித்தான். இரண்டாவது வாயை நாக்கில் வைத்து உருட்டினான். தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அப்புறம் அண்ணியைப் பார்த்து வெள்ளந்தியாகக் கேட்டான்.

"இன்னா அண்ணி இது? இஞ்சி போட்ட சர்பத் மாதிரி கீது. சரக்கு எங்க?"

நீலமேகம் சிரித்தான். உனக்கு நாக்கு செத்துப்போச்சுடா என்றான். வெற்றி விடவில்லை. முழுத் தம்ளரையும் அண்ணாந்து குடித்துவிட்டு, இதில் ஒன்றுமே இல்லையே, குழந்தைக்குக் கொடுக்கலாமே என்றான். நீலமேகம் மெல்ல யசோதராவின் பக்கம் திரும்பினான். அவன் முகம் வெளிறியிருந்தது. போதை என்று அவன் போட்டது வேஷம் என்பது அவளுக்குத் தெரியும் என்று அவனுக்கு அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது.

பொய் சொல்லித் தப்பிக்க அவளுக்கு அப்போதும் வழி இருந்தது. ஜாடி கெட்டுப்போச்சு என்று சொல்லியிருக்கலாம். அவள் வாயில் அது வரவில்லை.

"ஆடி மாசத்துலேர்ந்து நீ குட்ச்சிகினு கீறது இத்தான்யா. வெறும் திராட்சத் தண்ணி. போத ஏறிச்சு, போத ஏறிச்சுன்னியே, எங்கேர்ந்து ஏறிச்சு?"

தம்ளர் அவன் கையிலிருந்து நேராக அவள் முகத்துக்கு வந்தது. புருவம் கிழிந்தது. அடுத்த நொடி அவனே வந்துவிட்டான். இந்த முறை தள்ளாட்டம் இல்லை, குழறல் இல்லை, நடிக்க வேண்டிய தேவையே இல்லை. இடது காதோடு சேர்த்து அறைந்தான். காதுக்குள் ஏதோ வெடித்து, அப்புறம் அந்தப் பக்கம் உலகமே அமைதியாகிவிட்டது. விழுந்தவளின் விலாவில் எட்டி உதைத்தான். எலும்பு நொறுங்கியது அவளுக்குக் காதால் கேட்கவில்லை, உடம்புக்குள் கேட்டது. வெற்றி பின்னாலிருந்து அண்ணனைக் கட்டிப்பிடித்தான். நீலமேகம் முழங்கையால் அவன் மூக்கை உடைத்தான். ரத்தத்தோடு வெற்றி ஜாடிமேல் சாய, ஜாடி இரண்டாகப் பிளந்து, சிவந்த தண்ணீர் வீடு முழுக்க ஓடியது. வாசலிலிருந்து ஃபிர்தௌஸ் கதவைத் தட்டும் சத்தம் ஒரு காதில் மட்டும் தூரத்தில் கேட்டது.

அவன் அவள் மார்மேல் உட்கார்ந்து கழுத்தைப் பிடித்தான். அவள் கண்ணுக்கு நேரே அவன் கண் இருந்தது. அவ்வளவு தெளிவான கண்ணை அவள் அவனிடம் பார்த்ததில்லை. தரையில் ஓடிய தண்ணீரில் கால் வழுக்க, அவன் பிடி ஒரு கணம் நழுவியது. அவள் உருண்டாள். கை கதவுக்குப் பின்னால் போனது. ஜாக்கி லீவர் அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

அவன் வலது கையை ஓங்கிக்கொண்டு வந்தான். அவள் உட்கார்ந்தபடியே வீசினாள். முன்கை எலும்பு இரண்டாக ஒடிந்து, தோலுக்குள்ளேயே கோணிக்கொண்டது. அவன் அலறியதை அவள் முதல்முறையாகக் கேட்டாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவள் எழுந்து நின்று இரண்டாவது வீச்சை அவன் முட்டியில் இறக்கினாள். சிப்பி உடைந்தது. அவன் அந்தத் திராட்சைத் தண்ணீரிலேயே விழுந்து புரண்டான். மூன்றாவதாக ஓங்கினாள். அதைத் தலைக்குத்தான் ஓங்கினாள். பின்னாளில் யார் கேட்டாலும் அதை அவள் மறைத்ததில்லை. மூக்கில் ரத்தம் வழிய வெற்றி அவள் காலைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணி, வேணாம் அண்ணி. நீ ஜெயிலுக்குப் பூடுவ அண்ணி."

அவள் லீவரைக் கீழே போட்டாள். கதவைத் திறந்தாள். வாசலில் ஃபிர்தௌஸும் அவளுக்குப் பின்னால் பாதித் தெருவும் நின்றிருந்தது. சிவப்புத் தண்ணீர் படியிறங்குவதைப் பார்த்தவர்கள் அத்தனையும் ரத்தம் என்று நினைத்துப் பின்வாங்கினார்கள். யசோதரா படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் ஏற்ற முடியாது என்று வெற்றிதான் இரண்டு ஆட்டோ பிடித்தான். அவளுக்கு இரண்டு விலா எலும்பு முறிவு, புருவத்தில் தையல், இடது காதில் செவிப்பறை கிழிந்து கேட்கும் சக்தி பெரும்பகுதி போய்விட்டது. அது திரும்ப வரவே இல்லை. அவனுக்குக் கையில் கம்பி வைத்தார்கள், முட்டியைக் கட்டினார்கள். விசாரிக்க வந்தவர்களிடம் நீலமேகம், கன்டெய்னர் லாக் கழன்று விழுந்துவிட்டது என்று சொன்னான். பெண்டாட்டி அடித்தாள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு வெட்கம் அவளைக் காப்பாற்றியது.

கொஞ்ச நாள் கழித்து டிரைவர் சங்கத்துப் பெரியவர்கள் மூன்று பேர் சமாதானம் பேச வந்தார்கள். மூத்தவரான பக்ருதீன் நல்ல மனுஷர், அவளைத் தங்கச்சி என்றே அழைப்பார். குடிகாரன் செய்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே தங்கச்சி, குடியை விடச் சொல்லிச் சத்தியம் வாங்குகிறோம், சேர்ந்து வாழுங்கள் என்றார். யசோதராவுக்குப் பேச மூச்சு போதவில்லை, விலா வலித்தது. பதில் சொன்னது வெற்றி. மூக்கில் பிளாஸ்திரியோடு சுவரோரம் நின்றிருந்தவன், குரலை உயர்த்தாமல் சொன்னான்.

"பாய், அண்ணன் குட்ச்சது சர்பத்து. நானும் அத்தான் குட்ச்சேன். எனக்கு ஒண்ணும் ஆவல."

பக்ருதீன் அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், உடைந்த ஜாடியின் துண்டுகள் இன்னும் கிடந்த மூலையைப் பார்த்தார். அப்புறம் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். சேர்ந்து வாழச் சொல்ல மறுபடி யாரும் வரவில்லை. நீலமேகம் தேறியதும் வெற்றி அவனைச் சடையங்குப்பத்துக்குக் கூட்டிப்போனான். கை பழையபடி மடங்காததால் ட்ரெய்லர் ஓட்ட முடியவில்லை, ஒரு யார்டில் வாட்ச்மேன் வேலைக்குப் போகிறான் என்று கேள்வி. ஒரே ஒரு முறை தெருமுனைவரை வந்து, ஒரு காலை இழுத்தபடி நின்று பார்த்துவிட்டுப் போனான். யசோதரா ஜன்னலிலிருந்து பார்த்தாள். பயம் வந்தது. அவளுக்கே ஆச்சரியமாக, கொஞ்சம் இரக்கமும் வந்தது. கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, இரக்கம் அடங்கும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

கார்த்திகையில் அவள் கேக் கடைக்கு வேலைக்குத் திரும்பிய பிறகு, காத்திவாக்கத்திலிருந்து கூடையில் மீன் கொண்டுவரும் கன்னியம்மா ஒரு நாள் காலை வீட்டு வாசலில் கூடையை இறக்கி வைத்தாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இறாலை அள்ளி முறத்தில் போட்டபடியே, தெருவில் பேசிக்கொண்டார்கள், குடியை மறக்கடிக்க ஏதோ தண்ணீர் காய்ச்சுவாயாமே, எனக்கும் சொல்லித் தா என்று கேட்டாள். என் வீட்டுக்காரன் தங்கமான மனுஷன், குடித்தால்தான் இப்படி என்றாள்.

யசோதராவுக்கு எத்தனையோ சொல்லத் தோன்றியது. அன்றைக்கே ஒரு பாட்டில் நிறையக் காய்ச்சி வைத்து, அடுத்த முறை கன்னியம்மா வந்தபோது எடுத்துக் கொடுத்தாள்.

"இத்த சரக்குன்னு சொல்லிக் குடு. குட்ச்சிட்டு இன்னா பண்றான்னு பாரு. அட்ச்சான்னா, அன்னிக்கே கெளம்பி இங்க வந்துரு. என்ன மாதிரி காத்துகினு இருக்காத."

கன்னியம்மா பாட்டிலை மீன் கூடைக்குள் வைத்து எடுத்துப்போனாள். அவள் வந்துவிடுவாள் என்று யசோதரா தினமும் எதிர்பார்த்தாள். பாய் ஒன்றைத் தட்டி வைத்தாள், ஃபிர்தௌஸிடமும் சொல்லி வைத்தாள். அடுத்த வாரம் கன்னியம்மா வந்தாள், கூடையோடுதான். முகத்தில் புதுக் காயம் எதுவும் இல்லை. வீட்டுக்காரன் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஏறவே இல்லையே என்று புலம்பினானாம், பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரித்துக் கொடுத்தானாம், பிள்ளைகளோடு பேசிக்கொண்டே தூங்கிவிட்டானாம். கடைச் சரக்கு உள்ளே போகாத நாளில் அவன் ஒரு ஈயைக்கூட அடிக்கவில்லை என்று கன்னியம்மா சொன்னாள்.

யசோதராவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்குள்ளேயே சுருக்கென்று ஒரு பொறாமையும் குத்தியது. அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. கேட்கும் காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு, திராட்சையை எப்படிக் கழுவுவது என்பதிலிருந்து நிதானமாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.